பனித்தரைக் குறிப்புகள்: பையன் மாறினானா, நிமிஷம் மாறிச்சா?

ஐஸ் ஹாக்கி பார்க்கிற ஜனங்க அடிக்கடி சொல்ற வசனம் ஒண்ணு இருக்கு. "பழைய டீம்ல கூட்டத்தோட கோவிந்தா போட்டுட்டு இருந்தான். இங்க வந்ததும் பாரு, என்னமா ஆடறான்!" ஒவ்வொரு சீசனிலும் இப்படி நாலைஞ்சு இளசுகளைப் பத்திப் பேச்சு கிளம்பும். ஊர் மாறினா ஜாதகமே மாறிடும்ங்கிற மாதிரி.

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கம்மி. நிமிஷக் கணக்கில் நிறைய உண்டு. ட்ரேட் ஆன பிறகு ஒரு சின்னப் பையன் திடீர்னு பூக்கிறான்னா நான் முதல்ல பார்க்கிறது மூணு விஷயம். புது கோச் அவனை எவ்வளவு நேரம் இறக்கி விட்டார், யார் கூட இறக்கி விட்டார், தப்பு பண்ணின பிறகும் இறக்கி விட்டாரா. இந்தத் தடவை அதைக் கொஞ்சம் விலாவாரியா பார்க்கலாம்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை (தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம்). ஆட்டம் 60 நிமிஷம், 20 நிமிஷமா மூணு பகுதி. ஒரு அணியில் அன்னைக்கு உடுப்பு மாட்டறவங்க 20 பேர். அதில் 2 பேர் கோலிகள். மிச்சம் 18 பேரில் வழக்கமா 12 ஃபார்வர்டு, 6 டிஃபென்ஸ். ஃபார்வர்டுகளை மூணு மூணு பேரா நாலு 'லைன்' ஆகப் பிரிச்சு வைப்பாங்க. ஒரு தடவை இறங்கினா முக்கால் நிமிஷம் போல ஓடிட்டு, மூச்சு வாங்க பெஞ்சுக்கு வந்துடணும். அடுத்த லைன் குதிக்கும். யார் குதிக்கணும்னு பின்னாடி கோட்டு சூட்டோட நிக்கிற கோச்தான் முடிவு பண்றார். ஆட்டம் முழுக்க இதே கதை. முடிவில் கூட்டிப் பார்த்தா முதல் லைன் ஆளுக்கு 18, 20 நிமிஷம் வந்திருக்கும். நாலாவது லைன் ஆளுக்கு 8, 10 தேறினா பெரிசு. இதுக்குப் பேர்தான் ஐஸ் டைம்.

நம்ம பாஷையில் சொன்னா இது பேட்டிங் ஆர்டர் மாதிரி. ஒருத்தரை எப்பவும் எட்டாவது ஆளா, கடைசி ஓவர்ல இறக்கி விட்டுட்டு, "இவன் ஒரு சதம் கூட அடிச்சதில்லையே"ன்னு அலுத்துக்கிட்டா என்ன நியாயம்?

இன்னொண்ணையும் சொல்லிடறேன். எல்லா நிமிஷமும் ஒரே நிமிஷம் இல்லை. எதிரணி ஆள் ஒருத்தர் தப்பு பண்ணி 2 நிமிஷம் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கும்போது நம்ம பக்கம் ஒரு ஆள் கூட இருக்கும். அதுதான் பவர் ப்ளே. அந்த நேரத்தில் இறங்கறவனுக்கு கோல் அடிக்க வாய்ப்பு அதிகம். அதே மாதிரி எதிரணி வலைப் பக்கம் ஆட்டம் தொடங்கும்போது இறங்கறதும், நம்ம வலைக்கு முன்னாடி தொடங்கும்போது இறங்கறதும் ஒண்ணு இல்லை. ஆக 15 நிமிஷம்னு எண்ணை மட்டும் பார்த்தா பாதி கதைதான் தெரியும்.

ஒரே ட்ரேட், ரெண்டு பூ

டைலர் செகின் கதையை எடுத்துப்போம். 2010 ட்ராஃப்டில் ரெண்டாவது ஆளா பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணி எடுத்துக்கிச்சு. அப்ப அவருக்கு 18 வயசு. கோச் க்ளோட் ஜூலியன். தற்காப்பை முதல்ல கத்துக்கோ, மத்ததை அப்புறம் பார்க்கலாம்ங்கிற ரகம். முதல் சீசனில் செகினுக்கு ஆட்டத்துக்கு சராசரியா 12 நிமிஷம் சொச்சம்தான் கிடைச்சது. 74 ஆட்டத்தில் 22 புள்ளி (கோல், அசிஸ்ட் ரெண்டையும் கூட்டினா வர்றதுதான் புள்ளி).

2011 பிளேஆஃப் வந்தது. முதல் ரெண்டு சுற்று, மொத்தம் 11 ஆட்டம், பையன் உடுப்பே மாட்டலை. மேல உக்காந்து வேடிக்கை பார்த்தார். பாட்ரிஸ் பெர்ஜெரோனுக்குத் தலையில் அடி பட்டு ஒரு இடம் காலியானதும் கூப்பிட்டாங்க. தாம்பா பே அணியோட ரெண்டாவது ஆட்டம், ரெண்டாவது பகுதி. அந்த 20 நிமிஷத்துக்குள்ள 2 கோல், 2 அசிஸ்ட். ஆட்டத்தை பாஸ்டன் 6-5 என்று ஜெயிச்சது. அந்த வருஷம் ஸ்டான்லி கோப்பையும் அவங்களுக்குத்தான்.

சரி, இதுக்கப்புறம் ராஜபாட்டைன்னு நினைப்பீங்க. 2011-12 சீசனில் 29 கோல், 67 புள்ளி எடுத்தார். ஆனாலும் சென்டர் இடம் கிடைக்கலை. அங்கே பெர்ஜெரோன், டேவிட் க்ரேச்சின்னு ரெண்டு தூண்கள் இருந்தாங்க. இவரை ஓரத்தில் விங்கில்தான் ஆட விட்டாங்க. 2013 பிளேஆஃபில் 22 ஆட்டத்தில் ஒரே ஒரு கோல். பையன் இன்னும் தொழில்காரனா நடந்துக்கணும்ங்கிற அர்த்தத்தில் பொது மேலாளர் பீட்டர் சியரெல்லி வெளிப்படையாவே பேசினார். 2013 ஜூலை 4 அன்னைக்கு செகினையும் இன்னும் ரெண்டு பேரையும் டல்லாஸ் ஸ்டார்ஸுக்குக் கொடுத்துட்டு, லூயி எரிக்ஸன், ரைலி ஸ்மித் உட்பட நாலு பேரை வாங்கிக்கிட்டாங்க.

டல்லாஸில் கோச் லிண்டி ரஃப். அவர் செகினை நடுவில், சென்டர் இடத்தில் நிறுத்தினார். பக்கத்தில் ஜேமி பென். சராசரி ஐஸ் டைம் 19 நிமிஷத்தைத் தாண்டியது. முதல் சீசனிலேயே 80 ஆட்டத்தில் 37 கோல், 84 புள்ளி. அடுத்த சீசனிலும் 37 கோல். 21 வயசில் "சரிப்பட்டு வரமாட்டான்"னு முத்திரை குத்தப்பட்டவர் 22 வயசில் லீகின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருத்தர்.

இதோட நிறுத்திட்டா ஜூலியன் வில்லன், ரஃப் ஹீரோ, படம் முடிஞ்சது. இங்கதான் பலர் கவனிக்காத பாதி இருக்கு. பாஸ்டனுக்கு வந்த ரைலி ஸ்மித்துக்கும் அப்ப 22 வயசுதான். டல்லாஸில் அதுக்கு முந்தின சீசனில் 37 ஆட்டம் ஆடி 9 புள்ளி எடுத்தவர். அதே 'கஞ்ச' ஜூலியன் இவரை பெர்ஜெரோன், பிராட் மார்ஷாண்ட் கூட லைனில் சேர்த்தார். 82 ஆட்டத்தில் 20 கோல், 51 புள்ளி! அந்த சீசன் லீகிலேயே முதலிடமும் பாஸ்டனுக்குத்தான்.

யோசிச்சுப் பாருங்க. ஒரே ட்ரேட்டில் ரெண்டு பக்கமும் ஒரு இளைஞர் பூக்கிறார். ரெண்டு பேருக்கும் ஒரே ராத்திரியில் திறமை ஊறிடுச்சா? இல்லை. டல்லாஸில் ஸ்மித்துக்கு இல்லாத இடம் பாஸ்டனில் இருந்தது. பாஸ்டனில் செகினுக்கு இல்லாத இடம் டல்லாஸில் இருந்தது. ஒரு வீட்ல மூலையில் கிடந்த நாற்காலி இன்னொரு வீட்ல கூடத்துக்கு வந்துடுச்சு, அவ்வளவுதான்.

வீட்டுப் பிள்ளையும் மாப்பிள்ளையும்

ஏன் பழைய டீமில் அந்த இடம் கிடைக்க மாட்டேங்குது? சொந்தமா ட்ராஃப்ட் பண்ணி வளர்க்கிற பையன் வீட்டுப் பிள்ளை மாதிரி. "இவன் எங்க போயிடப் போறான், காத்திருக்கட்டும்"னு வரிசையில் கடைசியில் நிறுத்துவாங்க. அவன் 18 வயசில் பண்ணின தப்பெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ட்ரேடில் வர்றவன் மாப்பிள்ளை. விலை கொடுத்து வாங்கியிருக்காங்க. அந்த விலை சரிதான்னு ஊருக்குக் காட்ட வேண்டிய அவசியம் பொது மேலாளருக்கு இருக்கு. வாங்கின பொருளைப் பரண்ல போட்டு வைக்க அவர் விட மாட்டார். அதனால முதல் பத்து ஆட்டத்துக்காவது இலை போட்டு விருந்துதான்.

டிலன் ஸ்ட்ரோம் இதுக்கு நல்ல உதாரணம். 2015 ட்ராஃப்டில் கானர் மெக்டேவிட், ஜாக் ஐக்கல் ரெண்டு பேருக்கும் அடுத்து, மூணாவதா அரிசோனா எடுத்தவர். கீழ் லீகான ஏ.எச்.எல்-ல் டூசான் அணிக்காக 50 ஆட்டத்தில் 53 புள்ளி எடுத்திருக்கார். மேல கூப்பிட்டா மட்டும் கீழ் லைன்களில் கொஞ்ச நேரம். 2018-19 சீசனில் முதல் 20 ஆட்டத்தில் 6 புள்ளி. "கால் வேகம் பத்தாது"ன்னு தீர்ப்பும் சொல்லிட்டாங்க.

2018 நவம்பர் 25-ல் சிகாகோவுக்கு ட்ரேட். பதிலுக்குப் போனவர் நிக் ஷ்மால்ட்ஸ். சிகாகோவில் ஸ்ட்ரோமுக்காக ஒருத்தர் காத்துக்கிட்டு இருந்தார்: அலெக்ஸ் டெப்ரின்கட். ரெண்டு பேரும் ஜூனியர் லீகில் ஈரி ஆட்டர்ஸ் அணியில் ஒண்ணா ஆடினவங்க. ஒருத்தன் எங்க நிப்பான்னு இன்னொருத்தனுக்குக் கண்ணை மூடிக்கிட்டுத் தெரியும். புதுசா பொறுப்பேத்த கோச் ஜெரமி காலிட்டன் இவங்களை ஒரே லைனில் போட்டார். மிச்சம் இருந்த 58 ஆட்டத்தில் ஸ்ட்ரோமுக்கு 51 புள்ளி. அதே கால், அதே வேகம்!

ஷ்மால்ட்ஸும் சும்மா இல்லை. சிகாகோவில் 23 ஆட்டத்தில் 11 புள்ளி எடுத்திருந்தவர், அரிசோனாவில் 17 ஆட்டத்தில் 14 எடுத்தார், அப்புறம் முழங்கால் அடி. மறுபடியும் ரெண்டு பக்கமும் பூ.

விருந்து எப்பவும் நிலைக்காது என்பதையும் ஸ்ட்ரோம் கதையே சொல்லுது. 2021-22 சீசன் தொடக்கத்தில் அதே காலிட்டன் இவரைச் சில ஆட்டங்களில் உடுப்பு மாட்ட விடாம உக்கார வெச்சார். நவம்பரில் காலிட்டன் வேலை போனது. அடுத்து டெரெக் கிங் வந்தார். சீசன் முடிவில் ஸ்ட்ரோம் கணக்கு 22 கோல், 48 புள்ளி. கோச் ஒருத்தரே ஏத்தியும் விடலாம், இறக்கியும் விடலாம். மாப்பிள்ளை ரெண்டு மூணு வருஷத்தில் வீட்டோட மாப்பிள்ளை ஆயிடறார், பாருங்க :-)

ட்ரேட்னாலே வசந்தம் இல்லை

இப்ப எதிர்க் கட்சிக்காரங்க சாட்சி.

2021 ஜனவரி 21. கொலம்பஸ் அணி கோச் ஜான் டார்டொரெல்லா தன்னோட 22 வயசு சென்டர் பியேர்-லூக் டுப்வாவை ஆட்டத்தின் நடுவில் பெஞ்சில் உக்கார வெச்சுட்டார். மொத்தம் ஆடினது 3 நிமிஷம் 55 விநாடி. டுப்வா ஏற்கனவே வேற அணிக்குப் போகணும்னு கேட்டிருந்தார், அது ஊருக்கே தெரியும். உழைக்காம உருண்டுக்கிட்டு இருந்தா உக்காருன்னு கோச் சொல்லாம சொல்லிட்டார். ரெண்டு நாளில் ட்ரேட். டுப்வா வின்னிபெக்குக்கு, அங்கேருந்து பாட்ரிக் லைனேயும் ஜாக் ராஸ்லோவிக்கும் கொலம்பஸுக்கு. லைனே 2016 ட்ராஃப்டின் ரெண்டாவது ஆள், டுப்வா அதே ட்ராஃப்டின் மூணாவது ஆள்.

ரெண்டு பக்கமும் பூத்திருக்கணும் இல்லையா? அந்த சீசன் ரெண்டு பக்கமும் வாட்டம்தான். கோவிட் காலம். எல்லை தாண்டினதால் டுப்வா 14 நாள் தனிமையில் இருந்துட்டு வந்தார். 41 ஆட்டத்தில் 20 புள்ளி. லைனே வந்த சில ஆட்டங்களிலேயே டார்டொரெல்லாகிட்ட பெஞ்சு வாங்கினார். 45 ஆட்டத்தில் 21 புள்ளி. அடுத்த சீசன் டார்டொரெல்லா கொலம்பஸில் இல்லை. லைனே 56 ஆட்டத்தில் 56 புள்ளி. வின்னிபெக்கில் டுப்வா 60 புள்ளி. ஆக, ட்ரேட் பண்ணின உடனே இல்லை, ஒரு ஒழுங்கான முன்பயிற்சி முகாமும் நிலையான இடமும் கிடைச்ச பிறகுதான் கால் ஊனினாங்க.

டுப்வா கதை அங்கேயும் முடியலை. 2023-ல் லாஸ் ஏஞ்சலீஸ் கிங்ஸ் எட்டு வருஷ ஒப்பந்தத்தோட அவரை வாங்கிச்சு. அங்கே ஏற்கனவே ஆன்ஷே கோபிடார், ஃபிலிப் டனோ ரெண்டு சென்டர். இவர் மூணாவது. நிமிஷம் குறைஞ்சது, கூட ஆடற ஆளுங்க மாறிக்கிட்டே இருந்தாங்க. 82 ஆட்டத்தில் 40 புள்ளி. ஒரே வருஷத்தில் வாஷிங்டனுக்கு, ஒரு கோலிக்குப் பதிலா, தள்ளி விட்டாங்க. வாஷிங்டன் கோச் ஸ்பென்சர் கார்பரி இவரை நிலையான சென்டரா வெச்சு, எதிரணியின் பெரிய லைன்களைச் சமாளிக்கிற பொறுப்பையும் கொடுத்தார். 2024-25-ல் அதே 82 ஆட்டம், 66 புள்ளி. அதுவரைக்கும் அவர் வாழ்க்கையிலேயே அதிகம். அந்த வருஷ சிறந்த கோச் விருது கார்பரிக்கு.

சோம்பேறின்னு ஒரு ஊர் சொன்ன ஆளைக் கஷ்டமான வேலைக்கு நம்பி அனுப்பினது இன்னொரு ஊர். குணம் மாறியிருக்கலாம், எனக்கென்ன தெரியும். வேலை மாறினது மட்டும் ஆட்டக் குறிப்பிலேயே இருக்கு.

கொஞ்சம் சந்தேகப்படுவோம்

இப்படி உதாரணங்களை அடுக்கிக்கிட்டே போனா எதையும் நிரூபிக்கலாம். புள்ளியியல் படிச்சவங்க இந்நேரம் நெளிஞ்சுக்கிட்டு இருப்பீங்க. நியாயம்தான்.

முதல் சந்தேகம்: ஒருத்தனை எப்ப ட்ரேட் பண்றாங்க? பெரும்பாலும் அவன் ஆட்டம் பாதாளத்தில் இருக்கும்போது. பாதாளத்தில் இருக்கிறவன் அடுத்து எங்க போனாலும் மேலதான் போவான். அதே ஊரில் இருந்திருந்தாலும் கொஞ்சம் ஏறியிருப்பான். பக்கும் வட்டமா இருக்கு, அதிர்ஷ்டமும் வட்டமா இருக்கு. ஆக 'ட்ரேடுக்கு முன், ட்ரேடுக்குப் பின்'னு போடற கணக்கு எப்பவும் கொஞ்சம் பொய் சொல்லும்.

ரெண்டாவது: ஜெயிச்சவங்களைத்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். நெயில் யாகுபோவை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? 2012 ட்ராஃப்டின் முதல் ஆள். எட்மண்டனில் முதல் சீசன் 48 ஆட்டத்தில் 17 கோல், 31 புள்ளி. அந்த வருஷப் புதுமுகங்களில் அதிகப் புள்ளியில் அவருக்கும் பங்கு. அடுத்த சீசன் புது கோச், தொடக்கத்திலேயே உக்கார வெச்சார். அவர் போய் இன்னொருத்தர், அவர் போய் இன்னொருத்தர். நாலு சீசனுக்குள்ள ரால்ஃப் க்ரூகர், டல்லாஸ் ஈக்கின்ஸ், டாட் நெல்சன், டாட் மெக்லெலன்னு நாலு வாத்தியார், நாலு பாடத்திட்டம். 2016 அக்டோபரில் செயின்ட் லூயிஸுக்கு ட்ரேட், 40 ஆட்டத்தில் 9 புள்ளி. அப்புறம் கொலராடோ, 58 ஆட்டத்தில் 16 புள்ளி. அதுக்கப்புறம் ரஷ்யாவுக்கே திரும்பிட்டார். ஊர் மாத்தினது அவருக்கு உதவலை. லேட்டா மாத்தினாங்களா, இல்லை அவர்கிட்டயே அவ்வளவுதான் இருந்ததா? ரெண்டும் கலந்துதான் இருக்கும்னு தோணுது.

அப்படின்னா ட்ரேடையே கழிச்சுட்டு, அதே ஊர், அதே சட்டை, கோச் மட்டும் மாறின ஒரு ஆளைப் பார்க்கணும். இருக்கார். மாண்ட்ரியலின் கோல் காஃபீல்ட். 2021-22 சீசனில் டொமினிக் டுஷார்ம் கோச்சா இருந்தவரை 30 ஆட்டத்தில் ஒரே ஒரு கோல். நடுவில் கீழ் லீகுக்கும் அனுப்பிப் பார்த்தாங்க. 2022 பிப்ரவரி 9 அன்னைக்கு டுஷார்மை நீக்கிட்டு மார்ட்டின் செயின்ட் லூயியைக் கொண்டு வந்தாங்க. மிச்சம் 37 ஆட்டத்தில் காஃபீல்டுக்கு 22 கோல்!

30 ஆட்டத்தில் ஒரு கோல்ங்கிறதில் துரதிர்ஷ்டமும் கலந்திருக்கு, ஒத்துக்கறேன். எப்படியும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஆனா ஒண்ணுலேருந்து இருபத்திரண்டா? அந்தப் பெரிய தாவலில் ஒரு பங்காவது கோச்சுக்குச் சேரும். செயின்ட் லூயி யாருன்னு பார்த்தா இன்னும் சுவாரசியம். ட்ராஃப்டில் யாரும் சீண்டாத குட்டை ஆள். கால்கரி அணி 1999-2000 சீசனில் 56 ஆட்டம் ஆட விட்டு, 3 கோல்தான் அடிச்சார்னு கழட்டி விட்டது. தாம்பா பே சேர்த்துக்கிச்சு. 2003-04-ல் 94 புள்ளியோட லீகிலேயே முதலிடம், மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. அந்த வருஷ இறுதிப் போட்டியில் தாம்பா பே தோற்கடிச்சது யாரைன்னு நினைக்கறீங்க? கால்கரியை! பெஞ்சில் உக்காந்திருக்கிற சின்ன உருவத்துக்காரன் மனசு எப்படி இருக்கும்னு இவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கோச்சைத் திட்டறது சுலபம்

கோச் பக்கமும் நின்னு பார்க்கணும். தோத்தா முதல்ல வேலை போறது அவருக்குத்தான். பொது மேலாளர் மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு கணக்கு போடுவார். கோச்சுக்குக் கணக்கு இன்னைக்கு ராத்திரிதான். ஒரு கோல் முன்னிலை, கடைசி நாலு நிமிஷம், 19 வயசுப் பையன் நம்ம நீலக் கோட்டுக்கிட்ட பக்கைத் தொலைச்சான்னா ஆட்டமே போச்சு. அந்த இடத்தில் முப்பது வயசுக்காரனை நம்பறது கோழைத்தனம் இல்லை, பிழைப்பு. ஜூலியன் அப்படி ஆடித்தான் 2011-ல் கோப்பையை வாங்கினார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கனடா ஜூனியர் லீகுகளிலிருந்து ட்ராஃப்ட் ஆன பையனை 20 வயசு வரைக்கும் ஏ.எச்.எல்-க்கு அனுப்பக் கூடாதுன்னு ரொம்ப காலம் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒண்ணு, மேல வெச்சுக்கணும். இல்லைன்னா ஜூனியருக்கே திருப்பி அனுப்பணும். அங்க அவனுக்கு எல்லாம் சுலபம், இங்க எல்லாம் கஷ்டம். நடுப் படி கிடையாது. செகின் 18 வயசில் 12 நிமிஷத்துக்குக் காத்துக்கிட்டு உக்காந்ததுக்கு இதுவும் காரணம்.

ஆனா பெஞ்சில் உக்கார வைக்கிறதிலும் ரெண்டு விதம் இருக்கு. ஒரு தப்புக்கு ஒரு ஷிப்ட் உக்கார வெச்சு, என்ன தப்புன்னு காட்டி, அதே ராத்திரி மறுபடி இறக்கி விடறது பாடம். காரணம் சொல்லாம மூணு ஆட்டம் மாடியில் உக்கார வைக்கிறது தண்டனை. பாடம் படிச்சவன் அடுத்த தடவை சரியா ஆடுவான். தண்டனை வாங்கினவன் அடுத்த தடவை பத்திரமா ஆடுவான். பக்கைத் தொலைக்கக் கூடாதுங்கிற பயத்தில் சும்மா சுவத்தில் தட்டி விட்டுட்டு ஓடி வந்துடுவான். கோல் அடிக்கத்தான் அவனை எடுத்தாங்க என்பதே எல்லாருக்கும் மறந்து போயிடும்.

நிமிஷம்னா காசு

இதெல்லாம் ரசிகர்கள் வெட்டிப் பேச்சுன்னு தள்ளிட முடியாது. ஒரு 21 வயசுப் பையனோட சம்பளம், எதிர்காலம் எல்லாம் இந்த நிமிஷத்தில்தான் தொங்குது. இளசுகளுக்கு முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் மூணு வருஷம், சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2013-ல் வந்த தொழிலாளர் ஒப்பந்த விதிப்படி, ஐஸ் டைமில் அணியின் முதல் 6 ஃபார்வர்டுகளில் ஒருத்தரா வந்தா அதுக்கே தனி ஊக்கத்தொகை எழுதிக்கலாம். 20 கோல் அடிச்சா இன்னொண்ணு. அதாவது தன் கையில் இல்லாத நிமிஷத்துக்கும் காசு, அந்த நிமிஷம் இருந்தாத்தான் வர்ற கோலுக்கும் காசு. ரெண்டாவது ஒப்பந்தம் பேசும்போது மேசையில் கிடக்கிறதும் அந்தப் புள்ளிக் கணக்குதான். "உனக்கு 10 நிமிஷம்தான் கொடுத்தோம்"னு அணி தரப்பு சொல்லாது. "நீ 20 புள்ளிதான் எடுத்தே"ன்னுதான் சொல்லும்.

"எனக்கு இந்த ட்ரேட் வேண்டாம்"னும் அவனால சொல்ல முடியாது. அப்படிச் சொல்ற உரிமையை ஒப்பந்தத்தில் வாங்கணும்னா, அதே விதிகள்படி 27 வயசு ஆகணும், இல்லைன்னா 7 சீசன் முடிச்சிருக்கணும். அதுவரைக்கும் போன் வந்தா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஸ்ட்ரோம் கதையின் மிச்சத்தையும் கேளுங்க. 48 புள்ளி எடுத்த அந்த 2022 கோடையில் சிகாகோ அவருக்கு ஒப்பந்த நீட்டிப்பே கொடுக்கலை, அப்படியே விட்டுட்டாங்க. வாஷிங்டன் ஒரு வருஷத்துக்கு 35 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஏழே மாசத்தில், 2023 பிப்ரவரியில், 5 வருஷத்துக்கு 2.5 கோடி டாலர். 2024-25-ல் 82 புள்ளி. ரெண்டு அணி கை கழுவின ஆள், மூணாவது இடத்தில் முதல் லைன் சென்டர். இடையில் போன ஏழு வருஷத்தை யார் திருப்பிக் கொடுக்கிறது?

அதனால அடுத்த தடவை "மாறின உடனே மலர்ந்தான்"னு தலைப்பு பார்த்தா, நாலே கேள்வி கேட்டுப் பாருங்க. நிமிஷம் எத்தனை கூடிச்சு? பவர் ப்ளேல இடம் கிடைச்சதா? பக்கத்தில் ஆடறது யார், பத்து ஆட்டமாவது அதே ஆள்தானா? தப்பு பண்ணின அடுத்த ஷிப்டில் கோச் அவனை இறக்கினாரா? நாலுக்கும் பதில் 'ஒண்ணும் மாறலை'ன்னு வந்தா, சரி, அதிர்ஷ்டம்தான், ஒரு மாசம் பொறுத்துப் பார்ப்போம். நாலும் மாறியிருந்தா பாராட்டைப் பையனுக்குப் பாதி, கோச்சுக்குப் பாதின்னு பிரிச்சுக் கொடுங்க.

பழைய ஊரில் அவன் மேல போட்ட பழியையும் அதே மாதிரி பாதியா பிரிச்சுடுங்க. அதுதான் யாரும் செய்யறதில்லை.

அடுத்த குறிப்பில் கோலிகள். அவங்களுக்கு நிமிஷப் பிரச்சினையே வேற: ஒண்ணு 60, இல்லைன்னா பூஜ்யம். பார்க்கலாம்.